மனிதன் பேசத் தொடங்கியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு மண்ணுக்குள் மிஞ்சும், கல் மிஞ்சும். பேச்சு மிஞ்சாது. மொழியின் தோற்றம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்ல முடிவது அதனால்தான். கீழே இருப்பவை இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். ஆதாரம் கெட்டியாக இருக்கும் இடத்தில் பதில் நீளும், ஊகம் மட்டுமே இருக்கும் இடத்தில் சுருங்கிவிடும்.

சரி, எப்போது? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

ஒற்றை எண் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் வேலி போடலாம். இன்று உலகில் மொழி இல்லாத மக்கள் கூட்டம் ஒன்றுகூட இல்லை. எந்த நாட்டுக் குழந்தையையும் எந்த மொழி பேசும் வீட்டில் வளர்த்தாலும் அந்த மொழியைச் சுத்தமாகப் பேசும். ஆகவே மனித இனம் கிளை கிளையாகப் பிரிவதற்கு முன்பே இந்தத் திறமை வந்திருக்க வேண்டும். மரபணு ஆய்வுகள் காட்டும் மிகப் பழைய பிரிவு, தெற்கு ஆப்பிரிக்காவின் சான் மக்களுடைய முன்னோர் மற்றவர்களிடமிருந்து பிரிந்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஷிகெரு மியாகாவாவும் குழுவினரும் 2025இல் இந்த வழியில் கணக்குப் போட்டு, மொழித்திறன் குறைந்தது 1,35,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்றார்கள்.

மறுபக்கத்து வேலிதான் தகராறு. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3,00,000 ஆண்டுகள் பழைமையானவை. அவர்கள் பேசினார்களா, அவர்களுக்கும் முந்தைய மனித இனமான ஹோமோ எரெக்டஸ் பேசியதா என்று கேட்டால், எதை 'மொழி' என்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். நூறு சொல், இலக்கணம் இல்லை என்றால் அது மொழியா? சிலர் ஆம் என்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள்.

முதன்முதலில் பேசியவர் யார்?

யாருமில்லை. ஒருவர் மட்டும் பேசத் தெரிந்துகொண்டு என்ன செய்வது, கேட்டுப் புரிந்துகொள்ள இன்னொருவர் வேண்டாமா? மேற்குக் கடற்கரைப் பேச்சு மெல்ல மெல்ல மலையாளம் ஆனதை நினைத்துப் பாருங்கள். தமிழ் பேசிய தாய்க்கு மலையாளம் பேசும் பிள்ளை பிறந்த நாள் என்று ஒன்று அந்தக் கதையில் கிடையாது. மொழியற்ற தாய்க்கு மொழியுள்ள பிள்ளை பிறந்த நாள் என்றும் ஒன்று இருந்திருக்காது என்பது என் கருத்து. இதற்கு நேர் எதிராக நினைப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால்.

இதெல்லாம் அறிவியலா, திண்ணைப் பேச்சா?

நீண்ட காலம் திண்ணைப் பேச்சாகத்தான் இருந்தது. நாய் குரைப்பதைப் போலச் செய்து சொற்கள் பிறந்தன என்றார் ஒருவர். வலியில் கத்தியது சொல்லானது என்றார் இன்னொருவர். சேர்ந்து பாரம் இழுக்கும்போது எழும் ஐலசா போன்ற குரலிலிருந்து பேச்சு வந்தது என்றது மூன்றாவது தரப்பு. இவற்றில் எதையும் தவறென்று காட்ட வழியில்லை, சரியென்று காட்டவும் வழியில்லை. சலித்துப்போன பாரிஸ் மொழியியல் கழகம் 1866இல் தன் சட்டதிட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே, மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்கமாட்டோம் என்று எழுதி வைத்துவிட்டது.

அன்று அது நியாயமான முடிவுதான். ஆதாரம் கைக்கு வந்தது பிற்பாடு. குரங்கினங்களைக் காட்டில் வைத்தே கவனித்த ஆய்வுகள், பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் உத்தி, சைகை மொழிகள் முழுமையான மொழிகளே என்ற புரிதல் ஆகிய மூன்றும் 1960களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. கடைசியாகச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

யாருடைய பேச்சையும் கேட்காமல் குழந்தைகளை வளர்த்தால் அவை எந்த மொழி பேசும்?

இந்த விபரீத ஆசை அரசர்களுக்கு அடிக்கடி வந்திருக்கிறது. எகிப்தின் சம்மெட்டிகஸ் இரண்டு குழந்தைகளை ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்து, அவர்கள் காதில் ஒரு சொல்லும் விழக்கூடாது என்று கட்டளையிட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். குழந்தைகள் ஒருநாள் 'பெக்கோஸ்' என்றனவாம். இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஃபிரிஜியர்களின் மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள் என்பதால் ஃபிரிஜியர்களே மூத்த குடி என்று மன்னன் ஒப்புக்கொண்டானாம். ஆட்டுக் குட்டிகளோடு வளர்ந்த பிள்ளைகள் 'பெ...' என்று கத்தியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

16ஆம் நூற்றாண்டில் அக்பரும் இதைச் செய்து பார்த்தார். பேசாத தாதிகளிடம் குழந்தைகளை ஒப்படைத்தார். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அங்கே ஊமைச் சத்தம் தவிர எதுவும் இல்லை. கேட்காமல் பேச்சு வராது என்று அவர் முடிவுகட்டியது ஓரளவுக்குச் சரி. ஆனால் அந்த வீட்டில் பேச்சு மட்டுமா இல்லாமல் இருந்தது? குழந்தைகளோடு கலந்து உறவாட விரும்பும் மனிதர்களே இல்லை. அப்படி ஆட்கள் இருந்து, மொழி மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை கிடைக்க இன்னும் 400 ஆண்டுகள் ஆயின.

ஒரு மொழி பிறப்பதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், நிகராகுவாவில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1970களின் பிற்பகுதி வரை அந்த நாட்டில் காது கேளாதவர்கள் என்று ஒரு சமூகமே இல்லை. காது கேளாத பிள்ளை பிறந்தால் வீட்டோடு இருக்கும். அம்மாவிடமும் அண்ணன் தம்பிகளிடமும் பேச அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சில சைகைகள் இருக்கும். அடுத்த தெருவில் இன்னொரு காது கேளாத பிள்ளை இருப்பதுகூட அதற்குத் தெரியாது. 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்று தொடங்கியது. 1979இல் சாண்டினிஸ்டா புரட்சி வந்து, கல்வி எல்லோருக்கும் என்றார்கள். 1980இல் வளர்ந்த பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி வந்தது. 1983 வாக்கில் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தது ஸ்பானிய மொழி, அதுவும் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முறையில். அது ஏறக்குறைய முழுத் தோல்வி. பாடம் நடந்த வகுப்பறையில் எதுவும் நடக்கவில்லை, விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும்தான் நடந்தது. ஆளுக்கொரு வீட்டுச் சைகையோடு வந்த பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகி, பொதுவான சைகைகளை உருவாக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் கையை ஆட்டி என்னதான் பேசிக்கொள்கின்றன என்று ஆசிரியர்களுக்கே புரியவில்லை. 1986இல் அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகலை வரவழைத்தார்கள்.

அவர் பார்த்தது ஒரு விசித்திரம். மூத்த பிள்ளைகளின் சைகை தட்டுத் தடுமாறி, சுற்றி வளைத்துப் போனது. பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகளின் கைகளோ சரளமாக, வேகமாக, ஒழுங்கோடு ஓடின. மாதிரியாக அமைந்தவர்கள் மூத்தவர்கள்தான், ஆனால் பார்த்துக் கற்றவர்களிடம் இருந்தது அவர்கள் கொடுத்ததைவிட அதிகம்.

அந்த 'அதிகம்' எங்கிருந்து வந்தது?

இதைத்தான் ஆன் செங்காஸ், சோட்டாரோ கிட்டா, அஸ்லி ஓஸ்யூரெக் மூவரும் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். பள்ளிக்கு வந்த காலத்தை வைத்து மூன்று தலைமுறை, தலைமுறைக்குப் பத்துப் பேர் என 30 பேர். ஒரு கார்ட்டூனைக் காட்டினார்கள். அதில் பந்தை விழுங்கிவிட்ட பூனை சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. இதைக் கதையாகச் சொல்லுங்கள் என்றார்கள்.

ஸ்பானியம் பேசுகிறவர் பேச்சோடு காட்டும் கையசைவில், உருள்வதும் இறங்குவதும் ஒன்றாகவே இருக்கும். கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்குவார். நடந்ததை அப்படியே படம் வரைவதுபோல. முதல் தலைமுறையினர் பெரும்பாலும் அதேபோலத்தான் செய்தார்கள். பின்வந்த தலைமுறையினர் அதை உடைத்துவிட்டார்கள். முதலில் 'உருள்', அடுத்து 'இறங்கு', தனித்தனிச் சைகைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக.

யோசித்துப் பார்த்தால் இது பின்னடைவு. படம்போல இருந்த தெளிவைக் கெடுத்துவிட்டார்கள். பூனை உருண்டு நின்றபின் இறங்கவில்லையே! ஆனால் உடைத்ததால் கிடைத்த லாபம் பெரிது. 'உருள்' என்பதை எடுத்து 'ஏறு' என்பதோடு சேர்க்கலாம், 'இறங்கு' என்பதைத் 'தத்தித் தாவு' என்பதோடு சேர்க்கலாம். உலக மொழிகள் எல்லாமே இந்தத் துண்டுகளை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகின்றன. அதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. மூத்தவர்களிடமும் அது முழுதாக இல்லை.

எந்த வயதில் மொழி காதில், அதாவது கண்ணில், பட்டது என்பதும் தீர்மானமான விஷயமாக இருந்தது. பதின்வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். இலக்கணம் சின்ன வயதில் வந்தவர்களுக்குத்தான் முழுதாக வசப்பட்டது.

மொழி இல்லாதவர்களால் சிந்திக்க முடியுமா?

முடியும். நிகராகுவாவில் வீட்டுச் சைகை மட்டுமே கொண்டு வளர்ந்த பெரியவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பணத்தைக் கையாளுகிறார்கள், கதை சொல்லிச் சிரிக்கவும் வைக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் ஒரு பள்ளம் தெரிகிறது. அப்படிப்பட்ட நான்கு பேரை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், மூன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையை விரல்களால் காட்டும்போது அவர்கள் சரியான எண்ணுக்கு அருகில் வந்தார்களே தவிர, துல்லியமாகக் காட்டவில்லை. எண்களால் சூழப்பட்ட ஊரில் வாழ்ந்தும், எண்ணுப்பெயர் வரிசை இல்லாமல் எட்டு என்பது 'ஏழெட்டு' ஆகவே நிற்கிறது.

இன்னொன்று ஜென்னி பையர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்டது. ஒரு பையன் பொம்மை ரயிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் என்று சொல்லிவிடும். முதல் தலைமுறைச் சைகையாளர்கள், வயது வந்தவர்கள், இதில் தடுமாறினார்கள். இளையவர்கள் தடுமாறவில்லை. வேறுபாடு எங்கே என்று பார்த்தால், 'நினைக்கிறான்', 'தெரியும்' போன்ற மனநிலைச் சைகைகள் இளையவர்களிடம் தாராளமாக இருந்தன, மூத்தவர்களிடம் குறைவு. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது, இடையில் இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றிருந்த மூத்தவர்கள் தேறியிருந்தார்கள். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று யூகிக்கும் திறமையையே சொற்கள் கூர்தீட்டுகின்றன என்றால், மொழி வளர்ந்ததும் மனம் வளர்ந்ததும் ஒன்றையொன்று தள்ளிவிட்டபடி நடந்திருக்கும்.

அப்படியானால் ஆதி மொழி சைகைதானா?

இருக்கலாம். சிம்பன்சியின் குரல் பெரும்பாலும் உணர்ச்சி வேகத்தில் வருவது, அதன் கைச்சைகை அப்படியல்ல. எதிரில் இருப்பவர் பார்க்கிறாரா என்று கவனித்துக் காட்டும், பலிக்காவிட்டால் வேறு சைகைக்கு மாறும். அதனால் கையில் தொடங்கி வாய்க்கு வந்தது என்ற வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. கையிலிருந்து வாய்க்கு ஏன் மாறினோம் என்று கேட்டால் 'இருட்டில் பேசலாம், வேலை செய்துகொண்டே பேசலாம்' என்பார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே கூட வந்தன என்று நினைப்பதற்குத் தடை எதுவுமில்லை. இன்றும் கையை ஆட்டாமல் தொலைபேசியில் பேசுபவர் எத்தனை பேர்?

இங்கே ஒரு சுவையான செய்தி. சூசன் கோல்டின்-மெடோ குழுவினர் 2008இல் ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், துருக்கி பேசுபவர்களிடம் வாயைத் திறக்காமல் கையாலேயே நிகழ்ச்சிகளை விளக்கச் சொன்னார்கள். பேசும்போது 'அவன் மூடினான் பெட்டியை' என்ற வரிசையில் சொல்பவர்களும் கைக்கு வந்ததும் 'அவன், பெட்டி, மூடு' என்றே காட்டினார்கள். தமிழில் நாம் அன்றாடம் பேசும் வரிசை இது. இதை வைத்து ஆதி மொழி தமிழ் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். துருக்கியும் ஜப்பானியமும்கூட இதே வரிசையில்தான் பேசுகின்றன.

குரங்கு ஏன் பேசுவதில்லை? தொண்டை சரியில்லையா?

மனிதனுக்குக் குரல்வளை கீழே இறங்கியிருப்பதுதான் பேச்சின் ரகசியம் என்று பிலிப் லீபர்மன் 1969இல் எழுதியது பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்தில் இருந்தது. பிறகு செம்மான் உட்படச் சில விலங்குகளுக்கும் குரல்வளை தாழ்ந்திருப்பது தெரியவந்தது. அவை உறுமத்தான் செய்கின்றன. 2016இல் டெக்கம்சே ஃபிட்ச் குழுவினர் உயிருள்ள மக்காக் குரங்கு தின்னும்போதும் கத்தும்போதும் எக்ஸ்ரே படமெடுத்து, அதன் வாயால் எத்தனை வடிவம் எடுக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். புரியும்படி பேசுவதற்குத் தேவையான உயிரொலிகள் அந்த வாய்க்குச் சாத்தியமே. குறை வாயில் இல்லை, வாயை ஆளும் மூளையில்.

இதற்கு முன் வீட்டில் பிள்ளைபோல வளர்த்துப் பார்த்ததும் உண்டு. 1940களின் பிற்பகுதியில் ஃப்ளோரிடாவில் ஹேஸ் தம்பதியர் வளர்த்த விக்கி என்ற சிம்பன்சி பெரும்பாடு பட்டுச் சொன்னவை நான்கே சொற்கள்.

சைகை கற்றுக்கொடுத்தால் குரங்கு பேசியதாமே?

வாஷோ என்ற சிம்பன்சி 1960களில் அமெரிக்கச் சைகை மொழியில் 130 அளவில் சைகைகள் கற்றதாகக் கார்ட்னர் தம்பதியர் அறிவித்தபோது உலகமே பரவசப்பட்டது. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் டெரஸ் இன்னொரு சிம்பன்சியை வளர்த்தார். மொழித்திறன் மனிதனுக்கே உரியது என்ற மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியைக் கிண்டல் செய்யும் விதமாக அதற்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயர். முதலில் டெரஸும் வெற்றி என்றுதான் நம்பினார். வீடியோவை நிதானமாகப் போட்டுப் பார்த்தபோது, பயிற்சியாளர் ஒரு நொடி முன் காட்டியதைத்தான் நிம் பெரும்பாலும் திருப்பிக் காட்டுகிறது என்பது தெரிந்தது. 1979இல் அதை அவரே வெளியிட்டார். நிம் காட்டிய மிக நீண்ட 'வாக்கியம்' 16 சைகைகள். அதில் இருந்ததெல்லாம் கொடு, ஆரஞ்சு, நான், தின், நீ ஆகியவைதான், மாறி மாறி.

கான்சி என்ற போனபோவின் கதை வேறு. போனபோ சிம்பன்சிக்கு மிக நெருங்கிய வாலில்லாக் குரங்கு. தன் வளர்ப்புத் தாய்க்குப் பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி, யாரும் கற்றுக்கொடுக்காமலே குறியீட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டது. சூ சாவேஜ்-ரம்பாவின் சோதனையில் 660 வாய்மொழிக் கட்டளைகளில் ஏறத்தாழ 72 விழுக்காட்டைச் சரியாகச் செய்தது. 2025 மார்ச்சில் இறந்தது. புரிந்துகொள்வதில் கெட்டி, ஆனால் அதன் பங்குக்குச் சொன்னவை பெரும்பாலும் வேண்டுதல்களே. மனிதக் குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே நிலாவை நோக்கி விரல் நீட்டுகிறது. நிலா வேண்டும் என்பதற்காக இல்லை, நீயும் பார் என்பதற்காக. இந்த 'நீயும் பார்' மற்ற வாலில்லாக் குரங்குகளிடம் மிக அரிது. தொண்டை, மரபணு எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிய வேறுபாடாக எண்ணுகிறேன்.

காட்டில் அவற்றுக்கென்று சொற்கள் உண்டா?

கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் எழுப்புகின்றன. ஒலிபெருக்கியில் பதிவை மட்டும் போட்டாலும் சிறுத்தைக் குரலுக்கு மரமேறும், கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்க்கும் என்று 1980இல் ராபர்ட் சேஃபார்த், டோரத்தி செனி, பீட்டர் மார்லர் காட்டினார்கள். சொல்போலத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வந்த சிறுத்தையைப் பற்றி ஒரு வெர்வெட்டும் பேசாது. காங்கோவின் கொக்கோலோபோரியில் போனபோக்கள் இரண்டு குரல்களைச் சேர்த்து, ஒன்று மற்றொன்றின் பொருளை மாற்றும்படி பயன்படுத்துவதாக 2025இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. துண்டுகளைச் சேர்க்கும் பழக்கத்தின் வேர் நாம் நினைத்ததைவிட ஆழம் போலிருக்கிறது.

மொழிக்கென்று ஒரு மரபணு இருக்கிறதாமே?

செய்தித்தாள்கள் வைத்த பெயர் அது. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே காரணம் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு எலிக்கும் உண்டு, வௌவாலுக்கும் உண்டு. பாடும் குருவியின் மூளையில் அதன் செயலைக் குறைத்தால் குருவி பாட்டைத் தப்பும் தவறுமாகக் கற்கிறது. வாய் முதலிய தசைகளை நுட்பமாக அசைக்கக் கற்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது, அவ்வளவுதான். மனிதரில் அண்மைக்காலத்தில் அது வேகமாகப் பரவியது என்ற கருத்தையும் 2018இல் வந்த விரிவான ஆய்வு கைவிட வைத்தது.

நியாண்டர்தால்கள் பேசினார்களா?

நியாண்டர்தால்கள் நமக்கு நெருங்கிய, அழிந்துபோன இன்னொரு மனித இனம். அவர்கள் பேசினார்கள் என்றே நினைக்கிறேன். இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983இல் கிடைத்த எலும்புக்கூட்டில் நாவெலும்பு சிதையாமல் இருந்தது. 60,000 ஆண்டுப் பழைமை, வடிவத்தில் நம்முடையது போலவே. ஸ்பெயினில் எடுத்த எலும்புகளில் ஃபாக்ஸ்பி2 மரபணுவும் நம்முடையதை ஒத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் முன்னோர் அவர்களோடு கலந்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். தமிழர் உட்பட ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் டி.என்.ஏ.வில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அவர்களுடையது. அவர்களின் பேச்சு நம்முடையதைப் போலவே இருந்ததா என்பது வேறு கேள்வி.

கல்லை வைத்துப் பேச்சைக் கண்டுபிடிக்க முடியுமா?

நேராக முடியாது. தென்னாப்பிரிக்காவின் பிளம்போஸ் குகையில் 75,000 ஆண்டுகளுக்கு முன் செங்காவிக் கட்டியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியிருக்கிறார்கள், கிளிஞ்சலில் துளையிட்டுக் கோத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு இன்னொன்றைக் குறிக்கும் தகுதியைக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் தெரிந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். 50,000 ஆண்டுகளுக்கும் முன்பே கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர்கள் ஊமைகளாகப் போயிருக்க மாட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் வருகிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்ட இடம். சாந்தி பப்புவின் குழு அங்கே எடுத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் வெளியானது. 3,85,000 ஆண்டுகள் அளவில் அங்கே கருவி செய்யும் முறையே மாறியதை 2018இல் காட்டினார்கள். இருபக்கமும் செதுக்கிய கைக்கோடரியைப் பார்த்து மட்டுமே கற்க முடியுமா? 2015இல் பிரிட்டனில் 184 பேரை வைத்து, இதைவிட எளிய கற்சில்லு உடைக்கும் வேலையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கற்பிக்கச் செய்தார்கள். சும்மா பார்த்தவர்கள் தேறவில்லை, சொல்லிக் கொடுத்துக் கற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். அத்திரம்பாக்கத்தில் பேசினார்கள் என்பதற்கு இது சான்றாகாது. கொஞ்சமாவது பேசத் தெரிந்தவனுக்கு அங்கே ஆதாயம் இருந்திருக்கும் என்பதற்குச் சான்று.

உலகின் முதல் மொழி தமிழ்தானே?

இல்லை. இதைச் சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்று இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டிப் போகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், பிராகுயி எல்லாவற்றுக்கும் தாயான மூல திராவிட மொழியின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று 2018இல் ஒரு கணிப்பு வந்தது. கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் மனிதப் பேச்சின் வயதான லட்சத்துச் சொச்சத்துக்குப் பக்கத்தில் அது நேற்று. தமிழரின் தாயகம் என்று சிலர் காட்டும் லெமூரியா என்ற கண்டம் 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் தேவாங்கு போன்ற லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க ஊகித்தது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

எல்லா மொழிகளும் ஒரே தாயின் பிள்ளைகளா?

இருக்கலாம், ஆனால் சொற்களை ஒப்பிட்டு அதை நிறுவ முடியாது. ஒப்பீட்டு முறை எட்டாயிரம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் மங்கிவிடும். அதன்பின் தெரியும் ஒற்றுமை தற்செயலா, உறவா என்று பிரிக்க வழியில்லை. ஒரே தாய் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிகராகுவாச் சைகை மொழிக்குத் தாயே கிடையாது.

சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையிலேயே தொடர்பு உண்டா?

கொஞ்சம் உண்டு. கூர்கூராக ஒரு உருவம், வழவழவென்று ஒரு உருவம். எது கிக்கி, எது பூபா? அமெரிக்கர்களும் தமிழ் பேசுபவர்களும், கூரானதே கிக்கி, வழவழப்பானதே பூபா என்று ஒரே மாதிரி விடை சொன்னதாக வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் எழுதினார்கள். பிறகு 25 மொழிகளில் சோதித்தபோது சராசரியாக 72 விழுக்காட்டினர் அப்படியே சொன்னார்கள். முதல் சொற்களை ஊன்ற இந்தச் சிறு சாய்வு உதவியிருக்கும்.

எதற்காகப் பேசத் தொடங்கினோம்? வேட்டைக்கா, வம்புக்கா?

வம்புக்கு என்கிறார் பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பார். குரங்குகள் பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. கூட்டம் பெருத்தபோது அதற்கு நேரம் போதவில்லை, பேச்சு அந்த இடத்தைப் பிடித்தது என்பது அவர் வாதம். டார்வின் 1871இல் பறவைப் பாட்டோடு ஒப்பிட்டு, இசைபோன்ற குரல் முதலில் வந்திருக்கும் என்றார். ஒரே காரணத்தைத் தேடுவதே வீண் என்பேன். சொல்லிக் கொடுக்க, கூட்டுச் சேர, பொய் சொல்ல, பிள்ளையைத் தூங்கவைக்க எல்லாவற்றுக்கும் பேச்சு பயன்பட்டிருக்கும்.

திடீரென்று வந்ததா, படிப்படியாகவா?

சோம்ஸ்கி தரப்பு திடீர் என்கிறது: ஒரு மரபணு மாற்றத்தால், இரண்டை இணைத்து ஒன்றாக்கும் மனச்செயல் ஒரே அடியில் வந்தது, மற்றதெல்லாம் அதன் விளைவு. ஸ்டீவன் பிங்கரும் பால் புளூமும் 1990இல் கண்ணைப்போலவே மொழியும் இயற்கைத் தேர்வால் படிப்படியாக உருவானது என்றார்கள். நான் இரண்டாம் பக்கம், ஒரு திருத்தத்தோடு. மனாகுவாப் பிள்ளைகளின் மரபணு முப்பது ஆண்டுகளில் மாறவில்லை, ஆனால் இலக்கணம் முளைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதி, அதாவது அப்படிக் கற்கும் மூளை எப்படி வந்தது என்பதற்கு மனாகுவாவில் விடை இல்லை. அங்கே வந்தவை ஏற்கெனவே இன்றைய மனித மூளையோடு பிறந்த பிள்ளைகள்.

கைமாறுவதால் இலக்கணம் வரும் என்பதைச் சோதனைக்கூடத்தில் காட்ட முடியுமா?

எடின்பரோவில் சைமன் கர்பி, ஹன்னா கார்னிஷ், கென்னி ஸ்மித் 2008இல் காட்டினார்கள். மூன்று நிறம், மூன்று வடிவம், மூன்று அசைவு என்று 27 படங்கள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தமில்லாத, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒரு பெயர். ஒருவர் அவற்றில் பாதியை மட்டும் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பெயர்கள்தான் அடுத்தவருக்குப் பாடம். பத்துப் 'பரம்பரை' போவதற்குள் பெயர்களின் முன்பகுதி நிறத்தையும் நடுப்பகுதி வடிவத்தையும் கடைசிப் பகுதி அசைவையும் குறிக்கும்படி மொழி தானே ஒழுங்காகிவிட்டது. தங்களுக்குக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்வதாகத்தான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

குறை சொல்வதென்றால், அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்த பெரியவர்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அல்-சையித் பெதூயின் ஊரில் அந்தக் குறை இல்லை. 2005 வாக்கில் ஏறத்தாழ 3,500 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 150 பேர் காது கேளாதவர்கள். 1930களில் பிறந்த முதல் தலைமுறையிலிருந்து அங்கே ஒரு சைகை மொழி தானாக வளர்ந்தது. சுற்றிலும் பேசப்படும் அரபும் ஹீப்ருவும் வினையை இடையில் வைக்க, இவர்களின் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது என்று 2005இல் வெண்டி சாண்ட்லர் குழுவினர் எழுதினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது பள்ளியில் இஸ்ரேலியச் சைகை மொழியைக் கற்று இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். கலப்பில்லாத பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமானால் மூத்தவர்களிடம்தான் போக வேண்டும்.